வண்ணாரப்பேட்டை நெட் கம்பெனிக்கும் ஜியோவுக்கும் ஒரே 5%: டிஜிட்டல் பாரத் நிதியில் சின்ன நிறுவனங்களுக்கு விலக்கு தரலாமா?

தீபாவளிக்கு முந்தைய வாரம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் அரை மணி நேரம் நெட் நின்றால் போதும், ஜவுளிக்கடை கல்லாவில் வரிசை கட்டிவிடும். கியூஆர் ஸ்கேன் ஆகாது, கார்டு மெஷின் ஓடாது. கடைக்காரர் முதலில் போன் போடுவது பக்கத்துத் தெரு கேபிள்காரருக்குத்தான். "அண்ணே, நெட் வரல."

வடசென்னையின் நெருக்கமான தெருக்களில் கேபிள் டிவி ஒயரோடு சேர்ந்து வந்தது பிராட்பேண்ட். சில கேபிள்காரர்கள் பெரிய நிறுவனங்களின் ஏஜென்டாக இணைப்பு கொடுக்கிறார்கள். சொந்தமாக உரிமம் எடுத்து இணைய சேவை நிறுவனம் நடத்தும் சின்ன முதலாளிகளும் உண்டு. இந்த இரண்டாவது வகையினருக்குத்தான் இந்தக் கேள்வி முக்கியம்: சில நூறு வீடுகளுக்கு நெட் தருபவரும், நாடு முழுக்க கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் ஜியோ, ஏர்டெல்லும் அரசுக்கு ஒரே சதவீதம் கட்ட வேண்டுமா?

எதற்காக இந்த 5%?

லாபம் கிடைக்காத கிராமம், மலை, தீவுப் பகுதிகளுக்கு நிறுவனங்கள் தானாகப் போகாது. அங்கும் சேவை போய்ச் சேர, எல்லா நிறுவனங்களிடமும் ஒரு பங்கு வாங்கிப் பொதுப் பணமாக்குவதுதான் திட்டம். 1999 புதிய தொலைத்தொடர்புக் கொள்கையில் பேசப்பட்டு, 2002 ஏப்ரல் 1 முதல் 'அனைவருக்குமான சேவை நிதி' நடைமுறைக்கு வந்தது. 2003 சட்டத் திருத்தம் அதற்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. தொலைத்தொடர்புச் சட்டம் 2023-க்குப் பிறகு அதன் பெயர் 'டிஜிட்டல் பாரத் நிதி'.

உரிமம் பெற்ற நிறுவனம், சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில், அதாவது ஏஜிஆரில், 8% உரிமக் கட்டணம் செலுத்துகிறது. அதில் 5% இந்த நிதிக்கு, 3% அரசுக்கு.

உங்கள் பில்லில் எவ்வளவு?

கணக்கு எளிதாக இருக்க, மாதம் 500 ரூபாய் பிளான் என்று வைத்துக்கொள்வோம். 18% ஜிஎஸ்டி 90 ரூபாய் பில்லில் தனியாகத் தெரியும். ஆனால் அந்த 500-க்குள் 25 ரூபாய் நிதிக்கும் 15 ரூபாய் உரிமக் கட்டணத்துக்கும் போவது கண்ணுக்குத் தெரியாது.

இதே பிளானில் 800 இணைப்பு வைத்திருக்கும் நிறுவனத்தின் ஆண்டு வருமானம் 48 லட்சம். கழிவுகள் எதுவும் இல்லை என்றால் நிதிக்கு மட்டும் 2.40 லட்சம், மொத்த உரிமக் கட்டணம் 3.84 லட்சம். நிதிக்குப் போவது மாதக் கணக்கில் 20,000 ரூபாய். ஒரு லைன்மேனுக்குச் சம்பளம் கொடுக்கக்கூடிய தொகை அது.

ஒரே விகிதம் என்றால் நியாயம்தானே?

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம்தான். சின்னவர் கம்மியாகக் கட்டுகிறார், பெரியவர் அதிகமாகக் கட்டுகிறார். ஆனால் இந்தக் கட்டணம் லாபத்தின் மீது அல்ல, வருமானத்தின் மீது. நஷ்டத்தில் ஓடினாலும் கட்டணும். அதோடு காலாண்டுக்கு ஒருமுறை கணக்கு, ஆடிட்டர் சான்று, தாமதமானால் வட்டி என்ற வேலையும் உண்டு. பெரிய நிறுவனத்தில் அதற்கென்றே ஒரு டிபார்ட்மென்ட் இருக்கும். சின்ன நிறுவனத்தில் கேபிள் இழுப்பவரே கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கும்.

மற்ற நாடுகளில் எப்படி?

பல நாடுகள் ஒரு வருமான வரம்பு வைத்து, அதற்குக் கீழே இருப்பவர்களை விட்டுவிடுகின்றன.

• மலேசியா: கணக்கில் வரும் நிகர வருமானம் 20 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால்தான் 6% பங்களிப்பு.
• கனடா: ஆண்டுத் தொலைத்தொடர்பு வருமானம் 1 கோடி கனடா டாலருக்குக் கீழ் என்றால் பங்களிப்பு இல்லை.
• நியூசிலாந்து: 1 கோடி நியூசிலாந்து டாலர் வரம்பு.
• ஆஸ்திரேலியா: 2.5 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குக் கீழ் வருமானம் என்றால் விலக்கு.
• அமெரிக்கா: ஆண்டுக்குக் கட்ட வேண்டிய பங்கே 10,000 டாலருக்குக் குறைவு என்றால் பொதுவாக விலக்கு.

இதில் மிகக் குறைந்த வரம்புகளில் ஒன்றான மலேசியாவின் 20 லட்சம் ரிங்கிட்டே நம்மூர்க் கணக்கில் சுமார் 4 கோடி ரூபாய். 48 லட்சம் வருமானம் உள்ள நம் உதாரண நிறுவனம் கோலாலம்பூரில் இருந்திருந்தால் இந்த நிதிக்கு ஒரு காசு கட்ட வேண்டியிருக்காது.

விலக்கு கொடுத்தால் நிதி காலியாகிவிடாதா?

இந்தியாவில் உரிமம் பெற்ற இணைய சேவை நிறுவனங்கள் ஆயிரத்துக்கும் மேல். ஆனால் டிராய் அறிக்கைகளின்படி, பிராட்பேண்ட் சந்தாதாரர்களில் சுமார் 98% பேர் முதல் 5 நிறுவனங்களிடம்தான். மீதி இருக்கும் நூற்றுக்கணக்கானவர்கள் பங்கு போடுவது எஞ்சிய 2 சதவீதத்தை. அவர்களில் சின்னவர்களை விட்டுவிட்டாலும் நிதிக்குப் பெரிய அடி விழாது.

இன்னொரு பக்கம், வசூலான பணமே முழுதாகச் செலவாகவில்லை. இந்தத் தொகை முதலில் மத்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். நாடாளுமன்றம் ஒதுக்கிய பிறகே திட்டங்களுக்கு வரும். ஏற்கெனவே இருக்கும் இருப்பு தீரும்வரை வசூலை நிறுத்தி வையுங்கள் என்று பெரிய நிறுவனங்களின் சங்கமான சிஓஏஐ-யே தொடர்ந்து கேட்டுவருகிறது.

வரம்பில் ஆபத்தே இல்லையா?

இருக்கு. வரம்பைத் தாண்டாமல் இருக்க ஒரே முதலாளி நிறுவனத்தை நாலாகப் பிரிக்கலாம். பெரிய நிறுவனம் பினாமி பெயரில் சின்ன உரிமங்கள் எடுக்கலாம். இதற்காகத்தான் கனடாவில் தொடர்புடைய நிறுவனங்களின் வருமானத்தைச் சேர்த்துக் கணக்குப் பார்க்கிறார்கள்.

எது வருமானம் என்பதும் தெளிவாக இருக்கணும். ஏஜிஆர் வழக்கில் 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, தொலைத்தொடர்பு முக்கியத் தொழிலாக இல்லாத பொதுத்துறை நிறுவனங்கள் மீதும் சுமார் 4 லட்சம் கோடி ரூபாய் கோரிக்கை எழுந்து, 2020-ல் அதில் 96 சதவீதத்தை அரசே திரும்பப் பெற்றது. 2021 அக்டோபர் முதல் தொலைத்தொடர்பு அல்லாத வருமானம் கணக்கில் இருந்து நீக்கப்பட்டது. கேபிள் டிவியும் நெட்டும் சேர்த்து நடத்தும் வடசென்னை நிறுவனங்களுக்கு இது பெரிய நிம்மதி.

வீட்டுக்கு வரும் பிராட்பேண்ட் வருமானத்துக்கு, நிபந்தனைகளோடு குறைந்தது 5 ஆண்டுகள் உரிமக் கட்டண விலக்கு தரலாம் என்று 2021 ஆகஸ்டில் டிராய் பரிந்துரைத்தது. அதன் அடிப்படை சந்தாதாரர் வளர்ச்சி. நிறுவனத்தின் அளவை வைத்து வரம்பு போடும் யோசனை அதில் மையமாக இல்லை.

பணம் எங்கே போகிறது? வடசென்னைக்கு என்ன?

ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் இந்த நிதியில்தான் நடக்கிறது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் வேலை டான்ஃபினெட் நிறுவனத்திடம். சென்னையில் இருந்து கடலுக்கு அடியில் அந்தமானுக்குப் போகும் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிளும் இந்த நிதியின் பணம்தான். 1,224 கோடி ரூபாய் செலவில் அமைந்த அது 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக்கோளையே பெரிதும் நம்பியிருந்த தீவுகள் அவை. ஆக, நிதியே வேண்டாம் என்று சொல்ல முடியாது.

பழைய சட்டத்தில் இந்தப் பணம் கிராமங்களையும் தொலைதூரப் பகுதிகளையும் குறிவைத்தே இருந்தது. 2023 சட்டம் 'சேவை குறைவான நகர்ப்புறப் பகுதிகள்' என்பதையும் சேர்த்திருக்கிறது. குறுகலான சந்துகளும் குடிசை மாற்றுக் குடியிருப்புகளும் நிறைந்த வடசென்னை இதில் வருமா என்பதை, அரசு வகுக்கும் திட்டங்கள்தான் முடிவு செய்யும்.

அப்படிப்பட்ட சந்துகளில் இன்று கேபிள் இழுப்பதில் சின்ன நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. சேவை குறைவான இடத்தில் சேவை தருபவரிடமே வசூலித்து, அந்த இடத்துக்குச் சேவை கொண்டுவரத் திட்டம் போடுவதா? வருமான வரம்பு பற்றிய விவாதம் கேட்பது இதைத்தான்.