மழலையர் ஆசிரியர்க்கு ஆங்கிலமா தகுதி?

பயிருக்கு நாற்றங்கால் எப்படியோ, மாந்தனுக்கு மழலைப் பருவம் அப்படி. 'நர்சரி' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கே நாற்றங்கால் என்றொரு பொருள் உண்டு. நாற்றங்காலைப் பாழாக்கிவிட்டு நடவு வயலில் எத்துணை எரு இட்டாலும் விளைச்சல் வாராது. உளுந்தூர்ப்பேட்டை வட்டத்து உழவன் ஒவ்வொருவனும் இதனை அறிவான். விதைநேர்த்தி தெரியாதவனை, நீர் கட்டத் தெரியாதவனை அவன் தன் நாற்றங்காலுக்குள் விடமாட்டான். ஆனால் தன் மூன்று அகவைப் பிள்ளையை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது அவன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அந்த அம்மா இங்கிலீசு பேசுவாங்களா?"

கேள்வியே பிழை. ஆங்கிலம் அறிந்திருத்தல் ஒரு மொழியறிவு. மழலையரைப் பேணி வளர்த்தல் வேறொரு கலை. தையல் தெரிந்தவன் என்பதற்காக அவனிடம் அறுவை மருத்துவத்துக்குப் போவார் உளரோ?

ஆசிரியர் எத்தகையராதல் வேண்டும் என்பதைத் தமிழர் எவரிடமும் கடன்வாங்க வேண்டுவதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் யாத்த நன்னூல், தன் பாயிரத்திலேயே நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கு உவமை காட்டிற்று. இலக்கணம் பயிற்றுவார்க்குச் சொன்னதேயாயினும், அது மழலையர் ஆசிரியர்க்கே முழுதும் பொருந்தும்.

மிதிப்பாரைத் தாங்குவது நிலம். சிந்துவதும் சிதறுவதும் அழுவதும் அடம்பிடிப்பதும் பிள்ளையின் இயல்பு. ஒரே கதையைப் பத்தாம் முறை கேட்கும் பிள்ளைக்கும், முதன்முறை சொல்லும் உவகையோடே சொல்லுதல் வேண்டும். நிலம் பருவமறிந்தே பயன் தரும். மூன்று அகவையில் விரல்கள் எழுதுகோல் பிடிக்கும் வலிமை பெற்றிரா. மணலில் வரைந்து, களிமண் உருட்டி, மணி கோத்து விரல் வலுத்த பின்னரே எழுத்து. தலையசைக்கும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வருகை எனப் பிள்ளையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகக் கண்டு பிள்ளைத்தமிழ் பாடிய இனம் இது. அவ்வினத்தின் பிள்ளை 'ஏ, பி, சி' எழுதவில்லை என்று அதன் பிஞ்சு விரலில் அடிகோல் வைப்பது கொடுமையிலும் கொடுமை.

அசையாமையும் வற்றாமையும் மலையின் பண்புகள். பாட்டும் கதையும் விடுகதையும் விளையாட்டும் ஆசிரியரிடம் ஊற்றெனச் சுரத்தல் வேண்டும். ஊர்ப்பெயரிலேயே உளுந்தை வைத்திருக்கும் மண்ணில் எண்ணும் பொருளுக்கா குறைவு? ஒரு கைப்பிடி உளுந்து, ஒரு கைப்பிடி துவரை, பத்துப் புளியங்கொட்டை: எண்ணவும், இனம் பிரிக்கவும், பெரிது சிறிது அறியவும் இவை போதும். அவற்றைப் பிள்ளைகள் வாயிலும் மூக்கிலும் இட்டுக்கொள்ளாதவாறு கண் அகலாதிருத்தலும் ஆசிரியர் கடனே.

நிறைகோல் நடுவுநிலை உடையது. ஊர்ப்பிள்ளையைத் தூக்கி அணைத்துச் சேரிப்பிள்ளையைத் தள்ளி அமர்த்துபவரும், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த பிள்ளையின் பேச்சைக் கேட்டு நகைப்பவரும் அப்பணிக்கு ஒருநாளும் தகார். நிறைகோல் அளந்தும் காட்டும். அழைத்தால் திரும்பாத பிள்ளைக்குச் செவியில் குறையுண்டோ, படத்தைக் கண்ணருகே கொண்டுபோகும் பிள்ளைக்குப் பார்வையில் குறையுண்டோ எனக் கூர்ந்து கண்டு, காலம் தாழாது பெற்றோர்க்கு உரைப்பதும் அவர் பணி.

மலருக்கு அழகு மலர்ச்சி. தாய்மடி பிரிந்து வந்த பிள்ளைக்கு ஆசிரியரின் முகமே முதற்பாடம். 'வாயப்பயம்' எனப் பிள்ளை மிழற்றினால் இகழாது, "ஆமாம் கண்ணே, வாழைப்பழம்!" எனத் திருந்திய ஒலியை இனிதாகத் திருப்பித் தருதல் வேண்டும். ழகரம் நாவில் படிவது செவிவழியே, அடியாலன்று.

இந்நான்கையும் பிள்ளையின் தாய்மொழியிலன்றி வேறெதில் செய்தல் கூடும்? சிறுநீர் வருகிறது என்பதை மூன்று அகவைப் பிள்ளை எம்மொழியில் சொல்லும்? அதனையும் ஆங்கிலத்தில் கேட்டால்தான் வெளியே விடுவோம் என்னும் இடம் பள்ளியன்று; சிறை. சொல்ல மொழியின்றி ஆடை நனைத்து நிற்கும் பிள்ளை அன்று கற்பது ஆங்கிலத்தையன்று. தன் தாய்மொழி இழிந்தது என்னும் பொய்யை.

நன்னூல் ஆசிரியராகாதாரையும் காட்டிற்று. பருத்தியைச் சிறிது சிறிதாகத் திணித்து, அவ்வாறே சிறிது சிறிதாக எடுக்கும் குண்டிகை அவருள் ஒருவர். பொருள் விளங்காத ஆங்கிலப் பாட்டைத் திணித்து, விருந்தினர் முன் அதனையே வெளியே இழுத்துக் காட்டும் பயிற்சி வேறென்ன? ஒருவன் நீர் வார்க்க, வளைந்து சென்று அயலான் கொல்லையில் காய் உதிர்க்கும் முடத்தெங்கு இன்னொருவர். தமிழ்ப் பெற்றோர் கடன்பட்டுக் கட்டணம் கட்ட, அயன்மொழிக்கு அடிமை விளைக்கும் 'நர்சரி' அம்முடத்தெங்கே.

மேலை நாட்டுச் சான்று வேண்டுவார்க்கும் ஒன்றுண்டு. இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, 1907-இல் உரோமை நகரின் ஏழை உழைப்பாளர் குடியிருப்பில் தம் முதற் பிள்ளைப்பள்ளியைத் திறந்தார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். அவர் உரையாற்றியது இத்தாலியத்தில். மகன் மாரியோ அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். ஞாலம் போற்றும் மழலைக்கல்வி அறிஞர்க்கே வேண்டாத ஆங்கிலம், உளுந்தூர்ப்பேட்டைத் தெருவில் மட்டும் முதற்றகுதி ஆனது எங்ஙனம்?

அரசுகளின் செயலும் மெச்சத்தக்கதன்று. 1975 அக்டோபர் 2-இல் நடுவணரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் சிற்றூர் தோறும் குழந்தைகள் மையத்தைக் கொணர்ந்தது. நல்ல பணியே, ஆனால் 'அங்கன்வாடி' என்னும் இந்திப்பெயரோடு வந்தது. 2023-இல் அம்மையப் பணியாளர் பயிற்சிக்கென வந்த திட்டத்தின் பெயரோ 'போஷன் பீ, படாயீ பீ'! ஊட்டமும் வேண்டும், கல்வியும் வேண்டும் என்பதைத் தமிழ்த்தாய்க்குத் தமிழில் சொன்னால் ஊட்டம் குறைந்துவிடுமோ? தமிழக அரசு 2019 சனவரியில் 2,381 மையங்களில் மழலையர் வகுப்புத் தொடங்கிற்று. அவற்றுக்கும் 'எல்.கே.ஜி., யு.கே.ஜி.' என்றே பெயர். 2022-இல் அவ்வகுப்புகளின் இடைக்கால ஆசிரியர்க்கு அறிவித்த மதிப்பூதியம் திங்களுக்கு 5,000 உருபா. முப்பது நாளுக்குப் பகுத்தால் நாளொன்றுக்கு 167 உருபா. நாற்றங்கால் காவலுக்கு இவ்வளவுதான் மதிப்பு!

சட்டம் காக்கும் என்றிருத்தலும் வீண். ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழிவழியே கல்வி என 1999-இல் தமிழக அரசு இட்ட ஆணையை 2000-இல் உயர் நயன்மன்றம் தள்ளியது. பயிற்றுமொழியைத் தேர்வது பெற்றோர் உரிமை என 2014-இல் கருநாடக வழக்கில் உச்ச நயன்மன்றம் உரைத்தது. அங்ஙனமாயின், திறவுகோல் பெற்றோர் கையில் இருக்கிறது. ஆங்கிலம் கற்கலாகாது என்பாரில்லை. தாய்மொழி வேரூன்றிய பின், உரிய அகவையில், ஒரு மொழியாகக் கற்கட்டும்.

உளுந்தூர்ப்பேட்டைப் பெற்றோர் இனிப் பள்ளி வாயிலில் கேட்க வேண்டுவன வேறு. பிள்ளை அழுதால் என்ன செய்வீர்? எத்தனை கதை அறிவீர்? எல்லாப் பிள்ளையையும் ஒருங்கே அமர்த்தி உண்பிப்பீரா? எங்கு, எத்தனை திங்கள் பயின்றீர்? பிள்ளையோடு எம்மொழியில் பேசுவீர்? அரசை நோக்கிக் கேட்க வேண்டுவதும் ஒன்றுண்டு: தக்க பயிற்சியும், வாழத்தக்க ஊதியமும், தமிழ்ப்பெயரும் எப்போது தருவீர்? விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். நாற்று அழுகிய பின் வயலில் நின்று புலம்பிப் பயனில்லை.