குழந்தையின் உயிருக்குக் குலுக்கல் சீட்டா?

மன்னார்க் கடற்கரைக் கிராமமொன்றிலிருந்து மீன்பிடித் தொழிலாளி ஒருவர் அண்மையில் எமது அலுவலகத்துக்கு வந்தார். ஒரு கையில் காணி உறுதி. மறு கையில் வெளிநாட்டு வைத்தியசாலையொன்றின் கடிதம். காணியை ஈடுவைக்க உறுதி எழுதித் தரவேண்டும் என்றார். அவருடைய மகளின் நோய்க்குப் புதிய சிகிச்சை உண்டென்றும், பணத்தை முற்கூட்டியே கட்டவேண்டுமென்றும் கடிதம் கூறிற்று. அதன் கடைசிப் பந்தியில், சிறிய எழுத்தில், வேறொரு வசனமும் இருந்தது: சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது, பலனுக்கு உத்தரவாதம் இல்லை. ஆங்கிலத்திலிருந்த அந்த வசனத்தை அவருக்கு விளக்கிக் கூறியவர் எவருமிலர். நாம் விளக்கினோம். நெடுநேரம் பேசாதிருந்தவர், "வேண்டாமெண்டு நான் எப்பிடி ஐயா சொல்லுறது? பிள்ளையல்லோ!" என்றார்.

எந்தத் தகப்பனால் சொல்ல முடியும்? சொல்ல முடியாது என்பதை அறிந்துதானே அக்கடிதம் அவருக்கு எழுதப்பட்டது! நோயுற்ற குழந்தைக்குப் பரிசோதனைச் சிகிச்சை அளிப்பதாயின் அதன் செலவை ஏற்கவேண்டியவர் யார்? இக்கேள்வியை ஏழைத் தகப்பனின் தலையில் சுமத்திவிட்டு நாடு வாளாவிருப்பது அநீதி என்பதே எமது வாதம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். "புதிய சிகிச்சை" என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் சந்தைக்கு வருகின்றன. ஒன்று, இன்னும் பரீட்சிக்கப்பட்டுவரும் சிகிச்சை. மற்றொன்று, பலன் நிறுவப்பட்டும் விலையால் எட்டாக்கனியாகிவிட்ட சிகிச்சை. மூன்றாவது, முறையான பரீட்சையும் இன்றி, நிறுவிய பலனும் இன்றி, பெற்றோரின் கண்ணீரையே மூலதனமாகக் கொண்டு விற்கப்படும் சிகிச்சை. இம்மூன்றுக்கும் ஒரே விடை கூறுபவர் அறியாமையால் கூறுகிறார். அல்லது இலாபம் கருதிக் கூறுகிறார்.

பரீட்சிக்கப்படும் சிகிச்சைக்குச் செலவை ஏற்கவேண்டியவர் பரீட்சிப்பவரே. அங்கே குழந்தை வாடிக்கையாளன் அல்லன். மருத்துவ அறிவுக்குத் தன் உடலையே கொடையாகத் தருபவன். கொடுப்பவனிடமே கட்டணமும் கேட்பது எந்த நியாயம்? நாளை அம்மருந்து வென்றால் இலாபம் கொம்பனிக்கு. இன்று தோற்றால் நட்டம் காணியை இழந்த தகப்பனுக்கா?

பலன் நிறுவப்பட்ட சிகிச்சையின் கதை வேறு. முள்ளந்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோய்க்கான சோல்ஜென்ஸ்மா என்னும் மருந்துக்கு 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கா அனுமதி வழங்கியது. ஒரே ஒரு முறை ஏற்றும் அம்மருந்துக்கு நோவார்ட்டிஸ் கொம்பனி குறித்த விலை 21 இலட்சத்து 25 ஆயிரம் டொலர். பிரெஞ்சு மக்களின் நன்கொடையால் வளர்ந்த ஜெனெதோன் ஆய்வகத்தின் உழைப்பும் அம்மருந்தின் பின்னே உண்டு. மக்கள் கொடுத்த பணம் ஆராய்ச்சியாயிற்று, ஆராய்ச்சி காப்புரிமையாயிற்று, காப்புரிமை கோடிகளாயிற்று. பின்னர் 2020இல் அக்கொம்பனி, மருந்து கிடைக்காத நாடுகளின் குழந்தைகளுக்கென ஆண்டுக்கு 100 வரையான மருந்தளவுகளை இலவசமாக வழங்க முன்வந்தது. எவ்வாறு? குலுக்கல் முறையில்! பெயர் விழுந்த குழந்தைக்கு வாழ்வு. விழாத குழந்தைக்கு அடுத்த குலுக்கல்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நடந்ததையும் நோக்குக. 2021இல் கேரளத்தின் கண்ணூரைச் சேர்ந்த ஒரு குழந்தைக்காக மக்களிடம் 18 கோடி இந்திய ரூபா வேண்டப்பட்டது. சில நாட்களிலேயே 46 கோடிக்கு மேல் குவிந்தது. அதே கேரளத்தில், அதே ஜூலை மாதத்தில், ஆறு மாதக் குழந்தையொன்று தனக்கெனத் திரட்டிய பணம் 16 கோடியைக் கடந்தும் மருந்து வந்து சேருமுன் மாண்டது. அம்மக்களின் ஈகையை நாம் வணங்குகிறோம். ஆயினும், ஈகை ஒரு வீட்டில் வெள்ளமாகப் பாய்ந்து, மறுவீட்டுக்குக் காலந்தாழ்ந்து சேருமாயின் அதனைச் சட்டமென்றோ நீதியென்றோ கூறலாகுமா?

சட்டம் என்ன செய்தது என்பீர்கள். 1995ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் திகதி இங்கிலாந்தில் ஒரு வழக்கு. இரத்தப் புற்றுநோயுற்ற பத்து வயதுச் சிறுமிக்கு 75,000 பவுண் செலவான சிகிச்சையைக் கேம்பிரிட்ஜ் சுகாதார அதிகாரசபை மறுத்தது. முதற்கட்டம் பலிக்க நூற்றுக்கு 10 முதல் 20 வரையே வாய்ப்பு என்றனர் வைத்தியர். பணமில்லை என்று மணியடித்தால் மட்டும் போதாது, காரணத்தை விளக்குக என்றார் நீதியரசர் லோஸ். அன்றைய தினமே மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. வரையறுத்த நிதியை எவ்வாறு பங்கிடுவது என்பது நீதிமன்றத்தின் வேலையன்று என்றது. பெயர் வெளியிடாத ஒருவர் பணம் கொடுத்தார். சிறுமி அடுத்த ஆண்டு மே மாதம்வரை வாழ்ந்தாள்.

மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தர்க்கத்தை நாம் எளிதில் தள்ளிவிடவில்லை. ஒரு குழந்தைக்குச் செலவிடும் பெருந்தொகையால் நூறு குழந்தைகளின் சாதாரண நோயைத் தீர்க்கலாம் என்பது மெய்யே. விசேட சிகிச்சை தேடி மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புச் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கும் அலையும் தாய்மாரைக் கண்ட எமக்கு அக்கணக்கு தெரியாததன்று. எல்லாருக்கும் எல்லாம் கொடுக்க எந்த அரசாலும் இயலாது. ஆனால், "இல்லை" என்பதற்கும் ஒரு முறை உண்டு. காரணம் கூறி, எழுத்தில், எவர்க்கும் ஒரே அளவுகோலால் கூறும் "இல்லை" துயரம்; செல்வாக்குடையவனுக்கு "உண்டு" என்றும், செம்படவனுக்கு மௌனமும் தருவது அக்கிரமம்.

இந்நாட்டில் அது நடந்ததா? 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஜனாதிபதி நிதியம் வறிய நோயாளருக்கு உதவுகிறது. அதற்கு வருவாய் தருவன அபிவிருத்தி லொத்தர் சபையின் சீட்டுகள். பேருந்து நிலையத்தில் சீட்டு வாங்கும் கூலித் தொழிலாளியின் காசு அது. அந்நிதியத்திலிருந்து முன்னாள் அமைச்சர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் தம் வைத்தியச் செலவுக்குப் பெற்ற தொகைகளின் பட்டியல் 2024 டிசம்பரில் பாராளுமன்றத்திலேயே வாசிக்கப்பட்டது. ஏழையின் சீட்டுக்காசில் யாருக்குப் பரிசு விழுந்தது என்பதை நாடு அன்று அறிந்தது. 2025 பெப்ரவரி முதல் நிதியத்துக்கான விண்ணப்பங்களைப் பிரதேச செயலகங்களிலேயே ஏற்கும் ஒழுங்கு வந்துள்ளது. அதனை வரவேற்கிறோம். எனினும், விண்ணப்பிக்கும் வாயில் அருகே வந்ததேயன்றி, பெறும் உரிமை இன்னும் வரவில்லை.

அரசியலமைப்பின் 27(13)ஆம் உறுப்புரை, சிறுவரின் நலனை விசேட கவனத்துடன் அரசு பேணவேண்டும் என்கிறது. 29ஆம் உறுப்புரையோ, அக்கோட்பாட்டை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்கிறது. ஒரு கையால் எழுதி மறு கையால் அழித்த சாசனம் இது! சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. அதன் 24ஆம் உறுப்புரை, அடையத்தக்க அதியுயர் சுகநலம் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்கிறது. அயலிலுள்ள இந்தியா 2021இல் அரிய நோய்களுக்கெனத் தேசியக் கொள்கை வகுத்து, 2022இல் நோயாளி ஒருவருக்கான உதவியின் உச்சத்தை 50 இலட்சம் இந்திய ரூபாவாக உயர்த்தியது. அத்தொகை போதாதென்று அங்கே வழக்காடுகிறார்கள். இங்கோ வழக்காடுதற்கு அத்தகைய சட்டமே இல்லை.

ஆகவே நாம் கேட்பன நான்கு. பரிசோதனைச் சிகிச்சையில் சேரும் குழந்தையின் முழுச் செலவையும், மருந்து பலித்தால் அதன் பின்னரான செலவையும், பரிசோதிக்கும் கொம்பனியே ஏற்கவேண்டும் என்பது சட்டமாகட்டும். பலன் நிறுவப்பட்ட அரிய சிகிச்சைகளுக்கெனத் தனி நிதியம், எவருடைய தயவிலும் தங்காது, சட்டத்தால் அமையட்டும். அது குறித்த நாட்களுக்குள், விண்ணப்பித்தவரின் மொழியிலேயே, காரணங்காட்டி விடை தரட்டும். மறுத்தால் மேன்முறையீடு இருக்கட்டும். நிறுவாத சிகிச்சையைப் பணத்துக்கு விற்பது குற்றமாகட்டும். நோயுற்ற குழந்தையுடன் தொலைதூரம் செல்லும் பெற்றோரின் பயணச் செலவும் தங்குமிடமும் சிகிச்சையின் பகுதியாகவே கணிக்கப்படட்டும்.

பணம் எங்கே என்பார்க்கு ஒரு சொல். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட மன்னார்த் தீவின் காற்றாலைகள் முப்பதும் நாட்டுக்கு மின்சாரம் தருகின்றன. எம் காற்றுக்குக் கணக்கு வைத்திருக்கும் அரசு எம் குழந்தைகளின் மூச்சுக்கும் ஒரு கணக்கு வைக்கட்டும். மன்னார், மாந்தை மேற்கு, மடு, நானாட்டான், முசலி ஆகிய ஐந்து பிரதேசங்களிலும் கோவில், தேவாலயம், பள்ளிவாசல் என்ற பேதமின்றி இக்கோரிக்கைக்குக் கையொப்பம் திரட்ட முன்வருமாறு மக்களை அழைக்கிறோம்.

அம்மீனவருக்கு அன்று நாம் ஈட்டு உறுதி எழுதிக் கொடுக்கவில்லை. நிதியத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். விடை வரும்வரை அவர் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.