பெயிண்டுக்கு முன்னால பிரேக்

ஞாயித்துக்கிழமை ஆனா எங்க முட்டுக்காட்டு ஈசிஆர்ல பழைய அம்பாசடர்கள் பளபளன்னு வருது. அழகுதான். ஆனா பலதுல நாலு சக்கரத்துக்கும் அந்தக் கால டிரம் பிரேக்தான். கேட்டா, 'ஒரிஜினல் கெடக்கூடாது'ங்கறாங்க.

1950-களின் கடைசியில் அம்பாசடர் வந்தப்போ இந்த ரோடும் இல்லை, இந்த வேகமும் இல்லை. வேகம் ரெண்டு மடங்கானா, பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் நாலு மடங்கு. டிரம் சூடேறினா பிடிப்பு குறையும். ஷாக் அப்சார்பர் செத்திருந்தா டயரே தரையில ஒழுங்கா ஒட்டாது. இதெல்லாம் ரோட்டைக் கடக்கிற எங்க மாட்டுக்குத் தெரியுமா?

முன்சக்கரத்துக்கு டிஸ்க், புது ஷாக் அப்சார்பர், புது புஷ். முதல் செலவு இதுக்குப் பண்ணுங்க. கழட்டின டிரம்மைப் பத்திரமா வையுங்க, ஒரிஜினல் எங்கயும் போயிடாது.

மூக்கணாங்கயிறு நைஞ்ச காளைக்குக் கொம்புல வர்ணம் பூசி ரோட்டுல ஓட்டினா, எங்களைச் சும்மா விடுவீங்களா?