வாரண்டி யாருக்கு?

கடன் வாங்கி டாக்ஸி எடுத்த தாம்பரம் தொழிலாளி, சில மாதத்தில் கியர்பாக்ஸ் உடைந்து, கார் விற்ற கம்பெனி வாசலில் நிற்கிறான். "நீ ஓட்டிய விதம் சரியில்லை, வாரண்டி கிடையாது" என்கிறார்கள். வழக்குப் போடுவேன் என்றால், "வாடகை வண்டி வியாபாரம், நீ நுகர்வோரே அல்ல" என்று மிரட்டுகிறார்கள்.

பச்சைப் பொய்! பிழைப்புக்காகத் தானே ஆட்டோ ஓட்டுகிறவன் நுகர்வோர்தான் என்று, கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1995-லேயே சொல்லிவிட்டது. 2019 சட்டமும் சுயதொழில் செய்பவனைச் சேர்த்துக்கொள்கிறது. (ஆள் வைத்துப் பத்து வண்டி ஓட்டும் முதலாளிக்கு இது பொருந்தாது. அவருக்காக நாம் அழப்போவதுமில்லை.)

தோழர்களே, மறுப்பை எழுத்தில் கேளுங்கள். சர்வீஸ் பில்லைத் தொலைக்காதீர்கள். செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் கமிஷனில் இரண்டு வருஷத்துக்குள் மனுக் கொடுங்கள். வண்டி விலை 5 லட்சம் வரை கட்டணமில்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். கம்பெனியின் தலைமை ஆபீஸ் டில்லியில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் ஜில்லாவிலேயே வழக்குப் போடலாம்.