தரைக்குக் கீழே கை வைக்கலாமா?

ஓய்வு பெற்ற மனிதனிடம் ஸ்பேனரும் பகல் பொழுதும் சேர்ந்துவிட்டால் வீட்டில் எதுவும் பத்திரமில்லை என்பாள் என் மனைவி. அது உண்மைதான் என்பதைச் சென்ற கோடையில் நிரூபித்தேன்.

செகந்தராபாத்தில் எங்கள் ஃபிளாட்டின் குளியலறைத் தரை வழுவழுப்பானது. ஒரு நாள் காலையில் அவள் வழுக்கிவிட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டதால் தப்பினாள். மேஸ்திரி கேட்ட கூலி எனக்கு அதிகமாகப் பட்டது. ரயில்வேயில் பாலங்களுக்குக் கான்கிரீட் போட்டவனுக்கு 8 அடிக்கு 5 அடித் தரை ஒரு பிரமாதமா? ராணிகஞ்ச் போய்ச் சாமான்கள் வாங்கி வந்தேன்.

குழாய்களை மாற்றினேன். போர்வெல் தண்ணீரின் உப்புப் படிந்து அடைத்திருந்த ஷவரை வினிகரில் ஊறவைத்துச் சரிசெய்தேன். அந்தத் தெம்பில் உளியை எடுத்துத் தரையை உடைத்துப் புது டைல்ஸும் பதித்துவிட்டேன். பத்தாம் நாள் கீழ் வீட்டு அம்மா படியேறி வந்தார். "அன்னய்யா காரு, எங்கள் பாத்ரூம் விளக்கின் மேல் தண்ணீர் சொட்டுகிறது!"

டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இடைக்கோடுகள் வழியே ஈரம் இறங்கத்தான் செய்யும். அதைத் தடுப்பது அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சு. என் உளி அதைத்தான் பிளந்திருந்தது. ஆள் வைத்து மறுபடி உடைத்தேன். பூச்சுப் பூசி, வடிகால் வாயை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் தேக்கி, கீழே கசிவில்லை என்று கண்ட பிறகே டைல்ஸ் பதித்தார்கள். செலவு இரட்டிப்பு. கீழ் வீட்டுக்கு வெள்ளையடித்த செலவும், தலைகுனிவும் தனி.

ரயில் பாதையில் போல்ட்டை இறுக்கப் போக்குவரத்தை நிறுத்த வேண்டியதில்லை. தண்டவாளத்தையே மாற்றுவதென்றால் 'பிளாக்' வாங்காமல் கை வைக்க முடியாது. தவறினால் ஆபத்து மற்றவர்களுக்கு என்பதே காரணம். அந்த விதியை வீட்டில் மறந்துபோனேன்.

ஆகவே அன்பர்களே, "என்னால் முடியுமா?" என்று கேட்காதீர்கள், நமக்கு எல்லாம் முடியும் என்றுதான் தோன்றும். "தவறினால் நனைவது யார்?" என்று கேளுங்கள். குழாய், வாஷர், ஷவர், கண்ணாடி, வர்ணம் இவற்றில் தவறினால் வால்வை மூடிவிடலாம். நஷ்டம் நமக்கு மட்டுமே. தாராளமாகச் செய்யுங்கள். தரைக்கு அடியிலும் சுவருக்குள்ளும் இருப்பவற்றைத் தேர்ந்த ஆளிடம் விடுங்கள். 80 அடிக்கு 1 அடி என்ற வாட்டம் தவறினால் தண்ணீர் தேங்கும். நஹானி ட்ராப்பில் 50 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்காவிட்டால் சாக்கடை நாற்றம் மேலேறும். கீசர் இணைப்பை எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பானும் இல்லாமல் அதைப் போடவே கூடாது.

கூலியை மிச்சம் பிடிக்கும் ஆசை தவறல்ல. பக்கத்து வீட்டார் தலையில் அதை ஏற்றுவதுதான் தவறு. அதிலும் வெளியூரில் நமக்கு உறவு என்பதே பக்கத்து வீட்டார்தானே!

இன்னொன்றையும் தாமதமாக உணர்ந்தேன். வேண்டியிருந்தது புதுத் தரை அல்ல, மனைவி விழாமலிருப்பது. டவல் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது. ஆகவே சுவருக்குள் குழாய் ஓடாத இடம் பார்த்து, உறுதியான எஃகுக் கைப்பிடி ஒன்றை நானே பொருத்தினேன். கீழே சொரசொரப்பான ரப்பர் விரிப்பும் போட்டேன். அரை நாள் வேலை.

"இதை முதல் நாளே செய்திருக்கலாமே!" என்றாள். பதில் சொல்லவில்லை.