கொங்கு நாட்டுக்கு ஒரு கூடைப்பந்துப் பருவம்

பெரியகுளம், கரூர், கோயம்புத்தூர் என்று கோடை விடுமுறையில் அடுத்தடுத்து நடைபெறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் பந்தயங்களைக் கண்டு பழகிய நம் பயிற்றுநர்களிடமும் உடற்கல்வி ஆசிரியர்களிடமும் தொழில்முறை லீக் என்ற பேச்சை எடுத்தால், அவர்களுள் பெரும்பாலோர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பையிலும், மகளிர்க்கான சி.ஆர்.ஐ. கோப்பையிலும், பி.எஸ்.ஜி. கோப்பையிலும் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, விமானப் படை, கடற்படை, கேரள மின்சார வாரியம் போன்ற முதல்தரக் குழுக்களின் ஆட்டத்தை நம் பக்கத்திலேயே கண்டுவிடுகிறோம். இதற்கு மேலாக லீக் ஒன்று வந்து நமக்கு எதைத் தந்துவிடப் போகிறது என்பதே அக்கேள்வி. சூலூரில், விமானப் படைத் தளத்தின் மதிலுக்கு இப்புறம் வாழ்கிற நமக்கு, விமானப் படைக் குழு களமிறங்கும் நாளில் திருச்சி சாலையில் பேருந்தேறிப் போய்க் கடைசிப் பேருந்தில் திரும்பும் இளைஞர்களின் உற்சாகம் நன்கு தெரிந்ததாதலின், அக்கேள்வியை அலட்சியமாக ஒதுக்கிவிட இயலாது.

ஐந்தாறு நாளில் முடிந்துவிடும் பந்தயத்தில் தோற்ற குழு மறுநாளே மூட்டை கட்டிவிடுகிறது. தோல்விக்குக் காரணமாயிருந்த குறையைத் திருத்திக்கொண்டு அதே எதிரியை மீண்டும் சந்திக்கும் வாய்ப்பு அடுத்த ஆண்டுவரை அதற்குக் கிட்டுவதில்லை. வாரந்தோறும் ஓர் ஆட்டமாகப் பல வாரம் நீளும் பருவத்தில்தான் அவ்வாய்ப்பு உண்டு. பயிற்றுநரின் தொழிலுக்கு முழு வேலை கொடுப்பதும் அப்பருவம் ஒன்றே என்பது இவ்விதழின் திடமான அபிப்பிராயம்.

பந்தய வாரத்தில் பயிற்றுநர் என்ன செய்கிறார் என்பதைச் சற்றே நினைத்துப் பாருங்கள். நாள்தோறும் ஆட்டம் இருப்பதால் பயிற்சிக்கு நேரமில்லை. தோற்றால் வெளியேற வேண்டுமென்ற அச்சம் இருப்பதால் முதல் ஐவரையும் அவர்களுக்குத் துணையாக இருவர் மூவரையும் தவிர மற்றவரைக் களத்தில் இறக்கத் துணிவதில்லை. கணுக்கால் பிசகிய ஆட்டக்காரனுக்கு வேண்டியது ஓய்வு என்று அறிந்திருந்தும், பிளாஸ்திரி சுற்றி மறுநாள் மாலை அவனையே மீண்டும் அனுப்புகிறார். எதிர்க் குழு ஜோன் முறையில் தற்காத்தபோது நம் பிள்ளைகள் பந்தைக் கைமாற்றத் தெரியாமல் திகைத்தார்களே என்பதை அவர் கண்டுகொள்ளத்தான் செய்கிறார். ஆனால் அதைச் சரிசெய்ய அவருக்கு இருப்பது ஓர் இரவும் ஓட்டல் அறையின் சுவரும்தான். கோப்பையுடன் திரும்பும் குழுவுக்கும் இதே கதியாதலால், வெற்றியின் காரணமும் ஆராயப்படாமலே போய்விடுகிறது. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பதினெட்டு வயதுப் பையன், ஊர் ஊராகப் போய்வந்த பெருமையைத் தவிர வேறொன்றும் கற்காமல், அடுத்த ஆண்டும் அதே பெஞ்சில் உட்காருகிறான்.

விசைத்தறிக் கூடத்தில் இழை அறுந்தவுடன் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மேலே நெய்வார்கள் என்பது சூலூர்க்காரர் யாவருக்கும் தெரியும். வார இடைவெளியுள்ள பருவம் பயிற்றுநருக்குத் தருவது அந்த நிறுத்தத்தையே. சனிக்கிழமை ஆட்டம் முடிந்தால் ஞாயிறு முழு ஓய்வு. திங்களன்று ஆட்டத்தின் படப்பதிவைக் குழுவாக அமர்ந்து பார்த்து, எத்தனை பந்தைக் கைநழுவ விட்டோம், எதிரியின் வளையத்தடியில் எத்தனை ரீபவுண்டைப் பெற்றோம் என்று ஏட்டில் குறித்துக்கொள்ளலாம். செவ்வாயும் புதனும் கடும்பயிற்சி. வியாழன் அன்று அடுத்த எதிரியின் முறைக்கேற்ற ஒத்திகை. வெள்ளி லேசான ஓட்டமும் ஃப்ரீ த்ரோவும். சோவியத் நாட்டின் லெவ் மத்வேயெவ் 1960-களில் ஆயத்தக் காலம், போட்டிக் காலம், இளைப்பாறும் காலம் என்று ஆண்டைப் பகுத்துக் காட்டிய முறையை நம் உடற்கல்விக் கல்லூரிகளில் படித்துத் தேர்வெழுதுகிறோம். ஆனால் படித்ததைப் பிரயோகிக்கப் போட்டிக் காலம் என்ற ஒன்று நமக்கு இருந்ததில்லை. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று பள்ளிப் போட்டிகள் சில வாரங்களில் நெருக்கியடித்து வருகின்றன. பங்குனியில் பொதுத் தேர்வு வந்து மேல்வகுப்பு மாணவரைக் களத்திலிருந்து கொண்டுபோய்விடுகிறது. கோடையில் மீண்டும் பந்தயங்களும் முகாம்களும் குவிகின்றன.

நம் நாட்டில் இதுவரை எழுந்த தொழில்முறை லீக்குகள் இக்குறையைத் தீர்த்தனவா என்றால், இல்லை என்றே வருத்தத்துடன் சொல்ல வேண்டும். 2010-ஆம் ஆண்டில் இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் ஐ.எம்.ஜி. ரிலையன்ஸ் நிறுவனத்துடன் முப்பது ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டபோது லீக் ஒன்று விரைவில் பிறக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம், அது பிறக்கவேயில்லை. 2015-இல் சம்மேளனத்தின் அங்கீகாரமின்றித் தொடங்கிய யு.பி.ஏ. லீக், சென்னை ஸ்லாம் உட்பட எட்டுக் குழுக்களுடன் சில பருவங்கள் நடந்து 2017-க்குப்பின் ஓய்ந்தது. 2022 அக்டோபரில் கொச்சியில் தொடங்கிய இந்திய தேசியக் கூடைப்பந்து லீக் சம்மேளனத்தின் சொந்த முயற்சியாதலால் நம்பிக்கை ஊட்டியது. ஆறு குழுக்களும் ஒரே ஊரில் கூடிச் சில நாள் ஆடிக் கலைந்து, பின் வேறோர் ஊரில் கூடும் ஏற்பாடு அது. அதன் வழிவந்ததும் இருபத்தைந்து வயதுக்குட்பட்டோர்க்கென 2025-இல் நடந்ததுமான புரோ லீக்கில் சென்னை, ஹைதராபாத், மும்பை, டெல்லி, குஜராத், பஞ்சாப் என்ற ஆறு பெயர்களும் டெல்லி தியாகராஜ் உள்விளையாட்டரங்கிலேயே மோதிக்கொண்டன.

இம்முயற்சிகளை மேற்கொண்டவர்களின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை; வங்கி உத்தியோகமோ ரயில்வே உத்தியோகமோ கிடைத்தால் போதும் என்றிருந்த ஆட்டக்காரனுக்கு, ஆட்டமே பிழைப்பாகக்கூடும் என்று காட்டியவை அவை. எனினும் சென்னையின் பெயரைச் சட்டையில் தாங்கிய குழு டெல்லியில் ஆடி டெல்லியிலேயே கலைந்துபோனால், சென்னைப் பையன் அதை அலைபேசித் திரையில்தான் காண நேர்கிறது. அங்கே அவனுடைய பள்ளி ஆசிரியருக்கு ஒரு பங்குமில்லை. குழுவின் பயிற்றுநருக்கும், சில வாரங்களுக்குள் முடிந்துவிடும் அந்த ஏற்பாடு, நீண்டதொரு பந்தயமாகவே அமைகிறது.

பிலிப்பைன்ஸ் நாட்டின் அநுபவம் இவ்விடத்தில் நமக்குப் பெரிதும் பயன்படும். ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான பி.பி.ஏ. அங்கே 1975-இல் தோன்றியது. அதன் குழுக்கள் ஊர்களின் பெயரையன்றி, நம் வங்கிக் குழுக்களைப்போல, அவற்றை நடத்தும் கம்பெனிகளின் பெயரையே தாங்கியவை. நாற்பது ஆண்டுக்கு மேலாக அது செழித்திருந்தும் மாகாணங்களில் வாழும் மக்களுக்குத் தம் ஊர்க் குழு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாதிருந்த குறையைக் கண்டுதான், குத்துச்சண்டை வீரர் மானி பக்கியாவோ 2017-இல் எம்.பி.பி.எல். என்னும் வட்டார லீக்கை நிறுவினார். 2018-இல் பத்துக் குழுக்களுடன் தொடங்கிய அதன் முதற் பருவத்தில் வென்றது பத்தாங்காஸ் என்ற மாகாண நகரத்தின் குழு. நம் கருத்துக்கு உரியது அவர்கள் கையாளும் சிக்கன முறை: ஒரு மாலையில் ஓர் ஊரின் அரங்கில் இரண்டு மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து நடத்திவிட்டு, அடுத்த முறை வேறோர் ஊருக்குப் போகிறார்கள். ஊருக்கு ஊர் தனித்தனியே நடுவர்களையும் கருவிகளையும் தேட வேண்டிய சிரமம் இதனால் மிச்சமாகிறது.

இம்முறையைக் கொங்கு நாட்டில் வைத்துப் பார்ப்போம். கோயம்புத்தூர், பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, கரூர், சேலம் என்று ஆறு ஊர்கள். ஒவ்வொன்றும் மற்ற ஐந்தையும் இருமுறை சந்தித்தால் குழுவுக்குப் பத்து ஆட்டம், மொத்தம் முப்பது. ஒரு சனிக்கிழமை மாலைக்கு மூன்று ஆட்டம் என்று கொண்டால் பத்துச் சனிக்கிழமைகளில் பருவம் நிறைவெய்தும். எல்லா ஊர்களும் காலையில் கிளம்பிச் சென்று ஆடிவிட்டு இரவே திரும்பத்தக்க தூரத்தில் இருப்பதால் தங்கும் செலவில்லை. நாற்பது நிமிஷ ஆட்டம் இடைவேளைகளுடன் இரண்டு மணிக்குள் முடியுமாதலால், மாலை நான்கு மணிக்குத் தொடங்கி இரவு பத்துக்குள் மூன்றும் நடந்துவிடும். இருபத்துநான்கு விநாடிக் கடிகாரம், பதிவு மேசை அலுவலர், மருத்துவ உதவியாளர் ஆகிய யாவும் ஒரு தொகுதி இருந்தால் போதும். காலம் எது என்றால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி நடுவிலிருந்து மாசி முடியுமட்டும் என்போம். நம் களங்களில் பெரும்பாலானவை திறந்தவெளிச் சிமெண்டுத் தளங்கள். கோடையின் மாலையில்கூட அவற்றின் சூடு தணிவதில்லை. ஐப்பசி, கார்த்திகையிலோ நீர் தேங்கி வழுக்கும். மார்கழி, தை, மாசி மூன்றும் இப்பகுதிக்கு இயற்கை கொடுத்த விளையாட்டுக் காலம். அதைத்தான் நாம் வீணே கழியவிட்டு வருகிறோம்.

தேசியச் சாம்பியன்ஷிப் போட்டிகள் பெரும்பாலும் அந்த மாதங்களை ஒட்டியே வருவதால் மாநிலக் குழுவுக்குத் தேர்ந்த சிலர் இடையில் போய்விடுவார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானதே. அவர்களுக்கு மேலும் ஒரு மேடை வேண்டியதில்லை. அவர்களுக்கு அடுத்த நிலையில் நிற்கும் நூறு பேருக்கே இப்பருவம் வேண்டும் என்பதால், அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம். வங்கிகளிலும் படைகளிலும் பணிபுரிவோர் வேறு குழுவுக்கு ஆடத் தம் நிர்வாகத்தின் அநுமதியைப் பெற வேண்டும் என்பதும் உண்மை. முதற் பருவத்தில் அவர்களை நம்பாமல், கல்லூரி முடித்து வேலை தேடி நிற்பவர்களைக் கொண்டு குழு அமைப்பதே உசிதம்.

பணத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை என்று சொல்லும் துணிவு நமக்கு இவ்வூர்களின் சரித்திரத்தால் வருகிறது. 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டுக் கல்லூரியில் நெய்ஸ்மித் கண்ட இவ்விளையாட்டு, அதே கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியின் ஆசிரியர்கள் வழியாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகளெங்கும் பரவியது. பெரியநாயக்கன்பாளையத்து ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் மாருதி உடற்கல்விக் கல்லூரி நம் வட்டாரத்தில் அப்பணியைத் தொடர்ந்தது. ஆனால் ஆசிரியர்கள் கற்பித்ததை ஊர் கூடிப் பார்க்கச் செய்தவர்கள் பஞ்சாலை, பம்ப்பு, பேருந்துத் தொழில்களில் முன்னேறிய நம் தொழிலதிபர்களே. கோப்பைகள் தாங்கும் பெயர்களே அதற்குச் சாட்சி. ஆண்டுக்கு ஒரு வாரம் கோப்பைக்குப் போஷகராயிருப்பவர், பத்து வாரம் ஒரு குழுவுக்குப் போஷகராயிருக்க முன்வர வேண்டும் என்பதே நாம் அவர்கள்முன் வைக்கும் விண்ணப்பம். 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டின் ஆட்டங்கள் கோவைக்கு வந்தபோது, சொந்த ஊரின் பெயருக்காக மக்கள் திரண்டதை அவர்களும் பார்த்திருப்பார்கள்.

மகளிர் பகுதியைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று யாரேனும் யோசனை கூறினால் அதை ஏற்கலாகாது. 2001 முதல் 2017 வரை ஆசியச் சாம்பியன்ஷிப்களில் தொடர்ந்து இந்தியாவுக்கு ஆடி, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அனிதா பால்துரையைத் தந்த மாநிலம் இது. மூன்று ஆட்டங்களுள் ஒன்றேனும் முதல் சனிக்கிழமையிலிருந்தே பெண்களுடையதாக இருத்தல் வேண்டும். அதனால் அட்டவணை சற்று நீளுமானால் நீளட்டும்.

அடுத்த இதழில் பத்து வாரப் பருவத்துக்குரிய மாதிரிப் பயிற்சி அட்டவணை ஒன்றை வெளியிடக் கருதியுள்ளோம். ஆறு ஊர்களிலும் உள்ள பயிற்றுநர்கள் தம் களத்தின் தளம், மின்விளக்கு, பலகை, கடிகாரம் ஆகியவற்றின் நிலையையும், பதினெட்டு முதல் இருபத்துநான்கு வயதுக்குள் வேலையோ குழுவோ இன்றி இருக்கும் ஆட்டக்காரர் எத்தனை பேர் என்பதையும் ஆடி மாத இறுதிக்குள் எழுதியனுப்பினால், அவ்விவரங்களைத் திரட்டி மாவட்டக் கழகங்களின் நிர்வாகிகளிடம் இவ்விதழின் சார்பில் நேரில் சமர்ப்பிப்போம்.