பெரியம்மா வீட்டுக்கு ஒரு பெல்லட் அடுப்பு

வத்தலக்குண்டில் உட்கார்ந்துகொண்டு வீட்டைச் சூடாக்கும் அடுப்பைப் பற்றி எழுதுகிறேன் என்றால், எங்கள் ஊர்க்காரர்களே சிரிப்பார்கள். இங்கே கரண்ட் போய் ஃபேன் நின்றால் பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். 'இருக்கிற சூடு போதாதா தாயே!' என்பார்கள்.

ஆனால் எங்கள் பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ் ஏறிப் பாருங்கள். காட்ரோடு வரை துண்டால் விசிறிக்கொண்டு வருபவர்கள், டம்டம் பாறை தாண்டியதும் ஜன்னலைச் சாத்தச் சொல்வார்கள். பெருமாள்மலை வந்தால் பையிலிருந்து ஸ்வெட்டர் வெளியே வரும். 300 மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து 2,100 மீட்டர் உயரத்துக்கு, ஐம்பது சொச்சம் கிலோமீட்டரில் ஏறிவிடுகிறோம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே 10 டிகிரிக்கும் கீழே போகும். சில விடியற்காலைகளில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்.

அந்தக் குளிரில்தான், நாயுடுபுரத்தில் என் பெரியம்மா இருக்கிறார். வயது 71. தனியாகத்தான் இருக்கிறார். மகன், அதாவது என் அண்ணன், அமெரிக்காவில் மினசோட்டாவில் இருக்கிறார்.

போன டிசம்பரில் அண்ணன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ போட்டார். பத்து வருடமாக ஓடிய பழைய பெல்லட் அடுப்பைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார். செல்போனில் தட்டினால் தானே பற்றிக்கொள்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் தீ அழகாக ஆடுகிறது. வெளியே முழங்கால் அளவு பனி, உள்ளே அண்ணன் அரைக்கைச் சட்டையில் நிற்கிறார்.

பெரியம்மா வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "என்னடா, மாட்டுத் தீவனத்தை அள்ளி அடுப்புல போடுறே?"

அண்ணன் தனியாக என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, அம்மா இன்னமும் ராத்திரி குமுட்டி அடுப்பைத்தான் ரூமுக்குள்ள வச்சுக்கிறாங்களாம். இந்த மாதிரி ஒண்ணு வாங்கி மாட்டிரலாம். காசு பிரச்னை இல்ல. நீ விசாரிச்சுச் சொல்லு."

விசாரித்தேன். ஒரு மாதம் ஆனது. அதில் தெரிந்துகொண்டதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

மாட்டுத் தீவனம் இல்லை, மரத்தூள்

பெரியம்மா சொன்னதில் தப்பில்லை. பெல்லட் பார்க்க மாட்டுத் தீவனக் குச்சி மாதிரியேதான் இருக்கும். மரத்தூளையோ வேளாண் கழிவையோ காயவைத்து, இயந்திரத்தில் அதிக அழுத்தத்தில் அழுத்தினால் 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமனில் குச்சிகள் வரும். தனியாகப் பசை சேர்க்க வேண்டியதில்லை. மரத்திலேயே இருக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் இளகி ஒட்டவைத்துவிடும்.

விறகில் ஈரம் இருந்தால் புகை அதிகமாக வரும். நல்ல பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டாது. அடுப்பின் மேல்தொட்டியில் ஒரு மூட்டை கொட்டிவைத்தால், திருகு மாதிரி ஒரு கம்பி சுழன்று சுழன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்குள் தள்ளும். ஒரு ஃபேன் தீக்குக் காற்று கொடுக்கும். இன்னொரு ஃபேன் சூட்டை அறைக்குள் அனுப்பும். புகை, குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே போய்விடும். எரிபொருளின் சூட்டில் 80 சதவீதத்துக்கு மேல் அறைக்கு வந்து சேரும்.

பழைய கொடைக்கானல் பங்களாக்களில் இருக்கும் கல் கணப்பில் நடப்பது நேர் எதிர். சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகிறது. முகம் சுடும், முதுகு குளிரும்.

ஆக, அண்ணன் காட்டியது நல்ல அடுப்புதான். சந்தேகமே இல்லை. நம் ஊருக்கு அது பொருந்துமா என்பதுதான் கேள்வி.

முதலில் குமுட்டி

அதற்கு முன்னால், பெரியம்மாவின் குமுட்டியைப் பற்றிப் பேசியாக வேண்டும். அது காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை.

கரி கனிந்து சிவப்பானதும் புகை நின்றுவிடும். "புகையே இல்லையே" என்று தைரியமாக அறைக்குள் கொண்டுவந்து, கதவைச் சாத்திப் படுத்துவிடுகிறோம். ஆனால் மூடிய அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விழித்திருந்தால் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று உடம்பு சொல்லும். தூக்கத்தில் எதுவும் தெரியாது.

2024 ஆகஸ்டில், கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த திருச்சி இளைஞர்கள் இருவர் தங்கிய அறையிலேயே இறந்துகிடந்த செய்தி நினைவிருக்கலாம். ராத்திரி பார்பிக்யூ சமைத்த கரியடுப்பு அறைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "நாப்பது வருசமா வச்சிருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார்.

அது உண்மைதான். காரணம் என்ன தெரியுமா? அவர் வீட்டுத் தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவுக்குச் சந்து. குளிர் உள்ளே வருகிறது என்று அவர் திட்டிக்கொண்டே இருந்த அந்தச் சந்துதான் நாற்பது வருடமாக அவரைக் காப்பாற்றியிருக்கிறது.

இதைக் கேட்டதும் அவர் சிறிது நேரம் பேசவில்லை. "போன மாசம்தான் அந்தச் சந்தை அடைக்க ஆள் கூப்பிட்டேன்டி. அவன் வரல" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

வாங்கும் முன் மூன்று கேள்விகள்

இனி பெல்லட் அடுப்பு. யார் வாங்க நினைத்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று, புகைக்குழாய் எங்கே போகும்? பெல்லட் அடுப்பும் நெருப்புதான், அதிலும் கார்பன் மோனாக்சைடு உண்டு. குழாய் சரியாகப் பொருத்தப்பட்டு, வீட்டுக்கு வெளியே, ஜன்னலுக்குப் பக்கத்தில் இல்லாமல் முடிய வேண்டும். இதில் அனுபவம் உள்ள ஆள் வேண்டும். சாதாரண பிளம்பர் செய்யும் வேலை இல்லை.

இரண்டு, கரண்ட் போனால்? பற்றவைக்கும் சில நிமிடங்களுக்கு 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். பிறகு 100 வாட் அளவில் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் கரண்ட் நின்றால் ஃபேனும் நிற்கும், தொட்டியில் கிடக்கும் மிச்சத் தீயின் புகை அறைக்குள் திரும்பலாம். மழையும் காற்றும் மரத்தைச் சாய்த்துக் கம்பியை அறுக்கும் மலையில், இன்வெர்ட்டர் இல்லாமல் இதை வைக்கவே கூடாது.

மூன்று, பெல்லட் எங்கிருந்து வரும்? நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். நம் ஊர்ப் பக்கம் விசாரித்தால் கிடைப்பதெல்லாம் ஆலைகளின் பாய்லருக்கானது. லோடு கணக்கில் பேசுகிறார்கள். "ரெண்டு மூட்டையா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார் ஒருவர். வாங்கினாலும், அதில் கடலைத் தோலா, உமியா, மரத்தூளா என்று தெரியாது. உமியை எரித்தால் சுமார் 20 சதவீதம் சாம்பல் விழும். வீட்டு அடுப்புக்கு வேண்டிய தரமான மரப் பெல்லட்டில் சாம்பல் ஒரு சதவீதம்கூட வராது. பாய்லருக்கு உள்ளதை வீட்டு அடுப்பில் போட்டால் சாம்பல் கட்டிதட்டி அடைத்துக்கொள்ளும். போதாததற்குக் கொடைக்கானல் மேகமூட்டம் வேறு. மூட்டையில் ஈரம் ஏறினால் பெல்லட் ஊதி, உதிர்ந்து, பழையபடி மரத்தூளாகிவிடும்.

ஒருமுறை பட்டது

இந்த மூன்றாவது கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பலருக்கும் மறந்துவிட்டது.

2006-இல் பி.பி. நிறுவனம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தோடு சேர்ந்து 'ஊர்ஜா' என்ற பெல்லட் சமையல் அடுப்பைக் கொண்டுவந்தது. பேட்டரியில் ஓடும் குட்டி ஃபேன். வேளாண் கழிவில் செய்த பெல்லட். தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் ஊர் ஊராக விற்றார்கள். சுமார் 4 லட்சம் வீடுகள் வாங்கின. புகை குறைவு, கரி பிடிக்காத பாத்திரம் என்று பெண்கள் விரும்பித்தான் வாங்கினார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று? அதே வேளாண் கழிவுக்கு ஆலைகளும் போட்டிக்கு வந்தன. பெல்லட் விலை ஏறியது. இன்னொரு பக்கம் கேஸ் சிலிண்டர் வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்தது. 2009-இல் அந்தத் தொழில் புனேயின் ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனத்தின் கைக்கு மாறியது. பிறகு ஹோட்டல், கேன்டீன் போன்ற பெரிய அடுப்புகள் பக்கம் திரும்பிவிட்டது. வீட்டு அடுப்புகள் பரணுக்குப் போயின.

அடுப்பில் குறை இல்லை. அடுப்புக்குத் தீனி கிடைக்கவில்லை. மினசோட்டாவில் அண்ணன் கடைக்குப் போய் மூட்டையைக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறார். அந்தக் கடை நாயுடுபுரத்தில் இல்லை என்பதுதான் விஷயம்.

கொஞ்சம் கணக்கு

தீனி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ நல்ல மரப் பெல்லட்டில் கிட்டத்தட்ட 4.8 யூனிட் சூடு இருக்கிறது. அடுப்பின் இழப்பு போக, அறைக்கு 4 யூனிட் வரும். ஆகவே ஒரு கிலோ பெல்லட், வண்டி வாடகையும் சேர்த்து, உங்கள் வீட்டு 4 யூனிட் மின்கட்டணத்தைவிடக் குறைவாகக் கிடைத்தால்தான் மாறுவதில் லாபம்.

பெரியம்மாவுக்கு ஒரே ஒரு படுக்கையறைதான் சூடாக வேண்டும். 1,500 வாட் ஆயில் ஹீட்டர் நான்கு மணி நேரம் ஓடினால் 6 யூனிட். இரண்டு மாத பில்லில் 360 யூனிட். நம் மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் படி ஏறிவிடும். அவர் வீட்டில் லைட், மிக்ஸி, டி.வி. சேர்த்தாலும் 500-க்குள் நிறுத்திவிடலாம் என்று கணக்கு வந்தது.

நாலைந்து அறைகள் உள்ள ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். இன்வெர்ட்டர் இருக்கும், மூட்டைகளைக் காயவைக்க ஸ்டோர் ரூம் இருக்கும், சேர்ந்து லோடு எடுக்கலாம். அவர்கள் பெல்லட்டை யோசிப்பதில் அர்த்தம் உண்டு. அல்லது கரண்ட் தேவையில்லாத, கதவு வைத்த இரும்பு விறகடுப்பைப் புகைக்குழாயோடு வைக்கலாம். திறந்த கணப்பைவிட அது எவ்வளவோ மேல்.

எனக்கு ஒரு ஆசையும் இருக்கிறது. போன நூற்றாண்டில் தோல் பதனிடும் பட்டைக்கும் மரக்கூழுக்கும் என்று பழனி மலைப் புல்வெளிகளில் வாட்டில் மரங்களை நட்டார்கள். அவை பரவிப் புல்வெளியையே விழுங்கின. இப்படிப் பரவிய அந்நிய மரங்களை அகற்ற 2022-இல் தமிழக அரசு கொள்கையே வகுத்தது. அந்தப் புல்வெளியும் சோலையும் பிடித்துவைக்கும் தண்ணீர்தான் மஞ்சளாறாகவும் மருதாநதியாகவும் எங்கள் பக்கம் இறங்கி வருகிறது. வெட்டும் வாட்டிலில் ஒரு பங்கை அனுமதியோடு அடிவாரத்தில் பெல்லட்டாக்கினால், மலைக்குச் சூடு, எங்களுக்குத் தண்ணீர். அப்படி ஒரு ஆலை வந்தால் அண்ணனுக்கு முதல் போன் நான்தான் போடுவேன்.

கடைசியில் செய்தது

இப்போதைக்கு வேறு வழியில் போனோம். வரிசை முக்கியம், கவனியுங்கள். முதலில் குமுட்டி அறையை விட்டு வெளியேறியது. திண்ணையில் மக்காச்சோளம் சுட மட்டும் இருக்கிறது. அதன் பிறகுதான் கூரைச் சந்தை அடைத்தோம். தகரத்துக்குக் கீழே பலகை அடித்தோம், கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டினோம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தோடு 15 ஆம்பியர் பிளக் போட்டு, ஆயில் ஹீட்டர் வைத்தோம். படுக்கும்போது காலடியில் வெந்நீர்ப் பை.

அடைத்த அறைக்கு அவ்வளவு ஹீட்டர்கூடத் தேவைப்படவில்லை. இரண்டு மணி நேரத்தில் அணைத்துவிடுகிறார்.

பெல்லட் அடுப்புக்குப் பதில் அண்ணன் ஊருக்கு வந்த நண்பரிடம் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கொடுத்தனுப்பினார். உள்ளங்கை அளவுதான். பக்கத்து வீட்டுக் குமுட்டிப் புகை வந்தாலும் சொல்லட்டும் என்று படுக்கையறைச் சுவரில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம்.

போன வாரம் அதிகாலை மூன்று மணிக்கு பெரியம்மா போன் செய்தார். "ஏத்தா, அது கத்துதுடி. நான் போர்வையோட ரோட்டுல நிக்கிறேன்."

வீடியோ காலில் பார்த்தேன். பேட்டரி தீர்ந்திருந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை கீச்சென்றது, அவ்வளவுதான்.

குளிரில் நடுங்கிக்கொண்டே நின்றவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும்டி" என்றார். "கத்துனா வெளிய ஓடணும்னு நீதானே சொன்ன. ஓடிப் பாத்துக்கிட்டேன்."